பத்து மணிக்கு வரவேண்டிய இரண்டு பேர்

ஆய்வகத்தில் அவளுக்கு ‘மறுபடி அக்கா’ என்று பெயர். எதையும் மறுபடி ஒருமுறை செய்து பார்க்காமல் விடமாட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவளின் மேசையில்தான் அந்த வாரம் வம்பு வந்து உட்கார்ந்தது.

எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள வைரஸின் மரபுவரிசையைப் படித்து, எந்த மருந்து இனி எடுபடாது என்று சொல்வது அவள் வேலை. அந்த வைரஸ் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு பேருடைய வைரஸ் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், ஒரு குழாயிலிருந்து இன்னொன்றில் துளி சிந்திவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இப்போது அந்த வாரத்து இருபத்துநாலு ரத்தக் குழாய்களில் ஏழாம் எண்ணும் பத்தொன்பதாம் எண்ணும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. இரண்டிலும் நூற்று எண்பத்து நான்காம் இடத்தில் ஒரே மாற்றம். லாமிவுடின் என்கிற மருந்து இரண்டுக்கும் பலிக்காது.

ரகசியத்துக்காக ஆய்வகத்துக்குப் பெயர் வராது, எண் மட்டும்தான். ஏழு, எச்.ஐ.வி. மருத்துவமனையின் பழைய நோயாளி. பத்தொன்பது, கல்லீரல் மருத்துவமனை அனுப்பிய புது ஆள். ஹெபடைடிஸ் பி-க்கு மருந்து சாப்பிடுகிறவருக்கு எச்.ஐ.வி.யும் இருப்பது போன மாதம்தான் தெரிந்ததாம்.

“கை தவறியிருக்கும்மா,” என்றார் ஆய்வகத் தலைவர். “இருபத்துநாலு ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடணும். நீங்க கொஞ்ச நாள் பதிவு கவுன்ட்டர்ல உக்காருங்க.”

பதினோரு வருஷ உழைப்பு. அவளுக்குச் சுருக்கென்றது.

“சிந்தலை சார். மறுபடி ரெண்டு தடவை செஞ்சு பாத்துட்டேன்.”

“அப்ப ரெண்டு பேரையும் வரச்சொல்லுங்க. புதுசா ரத்தம் எடுத்துப் பாப்போம். அதுக்கப்புறம் கவுன்ட்டர்.”

வியாழக்கிழமை பத்து மணி. வரிசை நாற்காலிகளில் ஒரே ஒரு மனிதர், தேய்த்த சட்டையோடு. நர்ஸ் “ஏழு!” என்றாள். போய் இடது கையை நீட்டினார். பஞ்சை அழுத்தியபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பத்தொன்பது!”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்திருக்க வேறு ஆளில்லை. மெதுவாக எழுந்து, வலது கைச் சட்டையை மடித்துவிட்டார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தலைவர் திறந்த வாயை மூடவில்லை. மறுபடி அக்காவுக்குக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அந்தத் துள்ளல் அடங்கிவிட்டது. கதவைத் திறந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கல்லீரல் டாக்டர்கிட்ட எச்.ஐ.வி. இருக்குன்னு ஏன் சொல்லலை?”

“அங்க மருந்து குடுக்கிறவர் என் சம்பந்திம்மா. போன மாசம் அவங்களே டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிச்சாங்க. நானும் புதுசா கேக்கிற மாதிரி அதிர்ச்சியானேன். நல்லவேளை, அன்னிக்குச் சம்பந்தி லீவு.”

“எச்.ஐ.வி. மாத்திரை?”

“அந்தக் கூட்டு மாத்திரையிலயும் லாமிவுடின், கல்லீரல் மாத்திரையிலயும் லாமிவுடின். ஒரே மருந்தை எதுக்கு ரெண்டு தடவை முழுங்கணும்னு பெரிசா இருந்த கூட்டு மாத்திரையை நிறுத்திட்டேன்.”

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். மூன்று மருந்து சேர்ந்து அடக்க வேண்டிய வைரஸை ஒற்றை மருந்தோடு மோதவிட்டிருக்கிறார். அது மாறிக்கொண்டு தப்பிவிட்டது. அதிபுத்திசாலி!

“இப்ப ஒரு மருந்துதான் போயிருக்கு. ரெண்டு டாக்டரும் பேசிக்கிட்டா மீதியை வச்சு அடக்கிடலாம். இப்படியே ஒளிச்சீங்கன்னா மீதியும் போயிடும். உங்க சம்மதம் இல்லாம நாங்க யார்கிட்டயும் சொல்லமாட்டோம்.”

அவர் இரண்டு கையிலும் இருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணுக்கு இது ஏழாவது மாசம்,” என்றார். “பேரப்பிள்ளையைத் தூக்கணும்மா.”

இரண்டு எண்களும் எழுதிய சம்மதப் படிவத்தை அவள் நீட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் பத்தொன்பதை அவரே கோடு போட்டு அடித்தார்.

“ரெண்டு டாக்டருக்கும் அனுப்புங்க. சம்பந்திகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”