ஊஞ்சலில் ஏறாத பிள்ளைகள்

நகரசபைக்கு இரக்கம் பிறந்தால் அது முதலில் பெயிண்ட் டப்பாவைத்தான் திறக்கும். பால்காரக் கம்பம் என்ற சிற்றூர் எரிந்து சாம்பலாகும்வரை அந்த அத்தாப்பு ஓலைக் குடிசைகளுக்கு நடுவே இன்னொரு தண்ணீர்க் குழாய் போட மனம் வராத சபை, எரிந்து முடிந்ததும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு காலி மனையைப் பிடித்து சிமெண்டு பூசி, ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் நட்டு, எல்லாவற்றுக்கும் பச்சையும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்து வைத்தது. பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடம். வீடிழந்து அகதிகளாக வந்த பிள்ளைகளுக்குக் காலையில் பாடம், மத்தியானம் ஒரு தம்ளர் பவுடர் பால், பிறகு விளையாட்டு. அந்த விளையாட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்தோனியம்மாளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஐம்பத்தேழாம் வருஷம் அது.

அந்தோனியம்மாள் லூர்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளை மேய்த்துப் பழகியவள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் சிடுசிடுப்பாள். பிள்ளைகளிடம் அதட்டலும் சிரிப்புமாக இருப்பாள். ஊஞ்சலைக் கண்டு ஓடி வராத பிள்ளை உலகத்திலேயே கிடையாது என்பது அவள் எண்ணம். முதல் நாள் மத்தியானமே அந்த எண்ணத்தில் மண் விழுந்தது.

பாலைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஊஞ்சலை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அத்தனை அகலமான தரையில் ஒருவர் பின் ஒருவராக, தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் இடது பக்கம் திரும்பினார்கள். இன்னோரிடத்தில் எல்லோரும் எதையோ தாண்டுவதுபோல் காலை உயர்த்தி எட்டு வைத்தார்கள். அதற்கப்பால் ஓரிடத்தில் உயரமான பிள்ளைகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

வரிசையில் வந்த சம்சுன்னிசாவை அந்தோனியம்மாள் கூப்பிட்டாள். ஒன்பது வயசிருக்கும், மெலிந்த பெண்.

"ஏன்டி பெரிய பிள்ளைங்க குனியுறாங்க? மேல என்ன இருக்கு?"

"கொடி கட்டியிருக்கு டீச்சர். துணி காயுது."

"எங்கடி கொடி?"

சம்சுன்னிசா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கண் தெரியாதவர்களைப் பார்க்கும் பார்வை அது. மறுபடியும் வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

எரிந்துபோன கம்பத்தைத்தான் பிள்ளைகள் அந்தச் சிமெண்டுத் தரையில் கட்டியிருக்கிறார்கள் என்று புரிய அவளுக்குச் சில நாள் ஆயிற்று. கோடு ஒன்றும் கிழிக்கவில்லை, கல் ஒன்றும் வைக்கவில்லை. ஆனாலும் எந்தச் சந்து எங்கே திரும்புகிறது, யார் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஒரு முறை பந்து உருண்டுபோய் நட்ட நடுவில் நின்றது. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பையன் நேரே போய் எடுக்காமல், சந்து வழியாகச் சுற்றி, வாசல் இருக்கவேண்டிய இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தான்.

பாவம், வீடு போன ஏக்கத்தில் விளையாடுகிறார்கள் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். அந்தச் சமாதானமும் நெடுநாள் நிற்கவில்லை. பஃபலோ ரோட்டிலிருந்து அன்னம்மா என்று ஒரு சின்னப் பெண் பால் கிடைக்குமே என்று வந்து சேர்ந்தாள். பால்காரக் கம்பத்தை அவள் கண்ணாலும் கண்டதில்லை. வந்த மறுநாளே அவளும் சரியான இடத்தில் எட்டு வைத்தாள், சரியான இடத்தில் திரும்பினாள். "யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டதற்கு, "சுவரு இருக்குல்ல டீச்சர், இடிச்சுக்குவேன்ல?" என்றாள்.

அதைவிட மோசம், ஒரு நாள் பால் தம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பியவள், பாதி வழியில் தன் கழுத்து குனிந்திருப்பதைக் கண்டாள். கால் தானாகவே சந்து வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, பிடிவாதமாக நேர் வழியில் நடக்கப் பார்த்தாள். முடியவில்லை. யாரும் தடுக்கவில்லைதான். ஆனால் முகத்துக்கு முன்னால் பலகைச் சுவர் இருந்தால் ஒருவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றுவிட்டாள்.

விளையாட்டு தினமும் ஒரே மாதிரி முடியும். யாராவது ஒரு பிள்ளை மூக்கை உயர்த்தி மோந்து பார்க்கும். பிறகு எல்லா மூக்கும் உயரும். அடுத்த நொடி ஓட்டம். கூச்சல் கிடையாது, அழுகை கிடையாது. வெறுங்கால்கள் சிமெண்டில் அறையும் சத்தம் மட்டும். எல்லோரும் வேலியோரம், கம்பத்தின் குழாய் இருக்கவேண்டிய மூலைக்குப் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்குவார்கள். அங்கே விளையாட்டு நின்றுவிடும். பையை எடுத்துக்கொண்டு கலைந்து போவார்கள்.

அந்த ஓட்டத்தில் சம்சுன்னிசா மட்டும் ஓரிடத்தில் நிற்பாள். ஒரு வாசலுக்கு முன்னால். கை பாதி உயரும். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு மற்றவர்களைத் துரத்திக்கொண்டு ஓடுவாள். நாளுக்கு நாள் அவள் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே வந்தது. பெண் இளைத்தும் போனாள். பாலைக் கையில் வாங்குவாள், குடிக்கமாட்டாள்.

ஒரு நாள் அந்தோனியம்மாள் அவளைக் கொட்டகைப் படியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அது யாரு வீடும்மா?"

"மருது வீடு."

"உள்ள யாரு இருக்கா?"

"மருதுதான். வேற யாரு இருப்பா? அவங்கம்மா வேலைக்குப் போயிருக்காங்க."

"அப்ப கதவைத் திறந்து அவனையும் கூட்டிக்கிட்டு ஓட வேண்டியதுதானே?"

சம்சுன்னிசா தன் கைவிரல்களைப் பார்த்தாள். "தாழ்ப்பா மேல இருக்கு டீச்சர். எனக்கு எட்டாது. அவன் தட்டிக்கிட்டே இருக்கான்."

இருந்தான் என்று சொல்லவில்லை. இருக்கான் என்றாள். அந்தோனியம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? பிள்ளையின் உடம்பு அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

மருதப்பன் பூவம்மாவின் பிள்ளை. ஆறு வயசு. பூவம்மா புருஷனை இழந்தவள், தேக்கா சந்தையில் காய்கறி தரம் பிரிக்கும் வேலை. தீ அணைந்த பிறகு பிள்ளை கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகளோடு ஓடினான், கூட்டத்தில் தொலைந்துவிட்டான், யாரோ எடுத்து வளர்க்கிறார்கள் என்று ஊர் சொன்னது. ஊரும் அன்பாகத்தான் சொன்னது. அவளும் தீவின் அந்தக் கோடியில் இருக்கும் கிராஞ்சிவரை லாரியில் ஏறிப் போய்த் தேடிவிட்டு வந்தாள். வேலை முடிந்த மத்தியானங்களில் விளையாட்டுத் திடலின் கம்பி வேலிக்கு வெளியே வந்து நிற்பாள். உள்ளே வரமாட்டாள்.

நகரசபையிலிருந்து எட்மண்ட் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். விளையாட்டுத் திடல்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"என்ன மிஸ், ஸ்விங்க்ல ஒரு பிள்ளையும் இல்ல? கவுன்சிலர் எல்லாம் போட்டோ எடுக்க வராங்க. இப்படிப் பேய் மாதிரி சுத்திக்கிட்டு இருந்தா நான் என்ன சொல்றது?"

"வெளையாடுறாங்க சார்."

"இதுவா வெளையாட்டு? நிறுத்துங்க. தூக்கி ஸ்விங்க்ல உக்கார வைங்க."

வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தார்கள், பேச்சுக் கேட்காத பிள்ளைகள் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மருது வீட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டிவிட்டால் ஊஞ்சல் ஒரு தரம் போய் வந்து பட்டென்று நின்றது. எட்மண்டுக்கே முகம் வெளுத்துவிட்டது. மழை வரும்போலிருக்கிறது என்று பளிச்சென்ற வெயிலில் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிக்கொண்டார்.

அன்றைக்கு அந்தோனியம்மாள் வேலியருகே போனாள். பூவம்மாவிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்பிக்கையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவளிடம் போய் அதைப் பிடுங்கலாமா?

"பிள்ளைங்க ஏதோ வெளையாடுதுங்கம்மா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"என் வீடு எனக்குத் தெரியாதா டீச்சர்?" என்றாள் பூவம்மா. குரலில் ஈரமே இல்லை. "நாந்தான் வெளிய தாழ்ப்பாப் போட்டுட்டுப் போவேன். பிள்ளைங்க திறந்து இவனை வெளையாடக் கூட்டிக்கிட்டுப் போய் ஆத்துல தள்ளிடுவாங்கன்னு பயம். ஆசாரியைக் கூப்பிட்டு உசரமா வைக்கச் சொன்னேன். ஓடிட்டான்னு ஊரு சொன்னப்ப ஆமான்னு சொல்லிட்டேன். தேடுற மாதிரி தேடவும் செஞ்சேன்."

பூவம்மா வேலி வழியே உள்ளே கையைக் காட்டினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க டீச்சர். அந்தப் பொண்ணு ஏன் அங்க நிக்குது? தினம் பாக்குறேன், நாளுக்கு நாள் கூட நேரம் நிக்குது."

"அவன் தட்டினது அவளுக்குக் கேட்டிருக்கும்மா. தாழ்ப்பா எட்டல. இன்னும் கேக்குதாம்."

பூவம்மா வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பாவி நான். அந்தப் பிள்ளையையும் சேத்துல்ல உள்ள வச்சுப் பூட்டிட்டேன்" என்றாள்.

மறுநாள் அவள் வேலிக்கு உள்ளே வந்தாள். பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். எட்டு வைத்து, கொடிக்குக் குனிந்து, சந்தில் திரும்பித் தன் வாசலுக்கு வந்தாள். கையை உயரத் தூக்கி ஒன்றைத் தள்ளினாள், உள்ளே போனாள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கமலா என்ற பெரிய பெண்தான் தினமும் விளையாட்டு ஆரம்பிக்கும்போது அங்கே அம்மாவாக நின்று தாழ்ப்பாள் போடுகிறவள். பூவம்மா அவளைப் பார்த்து, "பூட்டும்மா" என்றாள். கமலா எம்பி நின்று பூட்டினாள்.

அந்தோனியம்மாள் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. விளையாட்டு நடந்தது. மூக்குகள் உயர்ந்தன. கால்கள் சிமெண்டில் அறைந்தன. சம்சுன்னிசா வந்தாள், நின்றாள், கை பாதி உயர்ந்தது. உள்ளேயிருந்து பூவம்மா விரல் முட்டியால் தட்டினாள். தட்டியது காற்றைத்தான். ஆனால் பலகையில் தட்டும் சத்தம் திடல் முழுக்கக் கேட்டது.

சம்சுன்னிசா எம்பினாள். மறுபடியும் எம்பினாள். எட்டவில்லை. அன்றைக்கு அவள் கையைக் கீழே போடவில்லை. ஓடவும் இல்லை. குழாயடிக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு, சம்சுவா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"எட்டல... எனக்கு எட்டல."

"தெரியும்டி கண்ணு. எட்டாதபடி வச்சது அம்மா. உன் மேல தப்பில்ல. நிக்காத, ஓடு."

"தட்டுறானே!"

"இனிமே தட்டமாட்டான். அவங்கூட நான் இருக்கேன்ல? நீ ஓடு சாமி. ஓடு!"

அந்தப் பெண் ஓடினாள். ஓடும்போதே வாய்விட்டு அலறினாள். அந்தத் திடலில் அதுவரை கேட்காத பச்சைப் பிள்ளை அழுகை அது. குழாய் மூலையில் மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களும் சேர்ந்து அழுதார்கள். அன்னம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். தரைக்குக் குறுக்கே, ஊஞ்சலை உரசிக்கொண்டு, நேராக நடந்து போனார்கள். எந்தச் சுவரும் அவர்களைத் தடுக்கவில்லை.

பூவம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. சுருண்டு படுத்திருந்தாள், ஒரு கை எதையோ அணைத்த மாதிரி வளைந்திருந்தது. "பூவம்மா, வாங்கம்மா" என்று அந்தோனியம்மாள் கூப்பிட்டாள். படுத்திருந்தவள் இருமினாள். மறுபடியும் இருமினாள், புகையில் நெஞ்சு அடைக்கிற இருமல்.

நேர் வழியில் ஓடப் பார்த்த அந்தோனியம்மாளை ஏதோ நிறுத்தியது. பிள்ளைகளுக்கு இல்லாமல் போன சுவர் அவளுக்கு இன்னும் இருந்தது. மாதாவே என்று சொல்லிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி ஓடினாள், கொடிக்குக் குனிந்தாள், வாசலுக்கு முன்னால் போய் நின்றாள். கையை உயர்த்தினாள். வளர்ந்தவள் அவள், அவளுக்கு எட்டியது. விரலில் இரும்பு பட்டது, பழுக்கக் காய்ந்த இரும்பு. உள்ளங்கை பொசுங்கியது. அவள் கையை எடுக்காமல் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.