தாயார் செய்யும் தொழில்

மூன்றாவது விசைத்தறியில் ஊடை நூல் தீர்ந்தது. யோகலட்சுமி கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்தினாள். குறுக்கே ஓடும் நாடாக்கட்டையை வெளியே எடுத்து, காலியான தார்க்குச்சியை உருவிக் கூடையில் போட்டுவிட்டு, நூல் சுற்றிய புதுக்குச்சியைச் சொருகினாள். தறியை ஓடவிட்டுத் திரும்பினால் நான்காவதில் பாவு இழை ஒன்று அறுந்து தொங்கியது. நான்கு தறிகளுக்கும் நடுவே அவள் நடப்பதற்கு இரண்டடி அகலம். காலை ஏழு மணிக்கு அந்த இரண்டடிக்குள் நுழைந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் உட்காருவாள்.

மடியில் போன் அதிர்ந்தது; எடுத்துப் பார்த்தால் மகள். வேலை நேரத்தில் மகள் கூப்பிடமாட்டாள். நான்கு தறிகளையும் நிறுத்திவிட்டு வெளியே ஓடினாள்.

"எம்மா, கெடச்சிருச்சு."

"எது?"

"ஜெனீவா. சொன்னேன்லா, உலகத்துல உள்ள காலேஜ் பிள்ளையளக் கூப்புட்டுத் தொழிலாளர் சட்டத்தப் பத்திப் பேசச் சொல்லுதாங்கன்னு. இந்தியாவுல மூணு பேரு. அதுல நான் ஒருத்தி. பிளேன் டிக்கெட், தங்குறது எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க."

மகள் சங்கரகோமதி திருநெல்வேலியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்கன இருக்கு?"

"சுவிட்சர்லாந்துல."

"குளிருமோ?"

"குளிரும்."

"போர்வ குடுப்பாங்களா?"

மகள் சிரித்தாள். யோகலட்சுமிக்கு அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. உள்ளே வந்து பக்கத்துத் தறி மெஹர்பானுவின் காதில் வாயை வைத்துச் சொன்னாள். மெஹர்பானு தன் தறிகளை நிறுத்திவிட்டு யோகலட்சுமியின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள். அடுத்தடுத்து ஆறு பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். பத்தொன்பது வருடத்தில், கரண்ட் இருக்கும்போது அந்தத் தறிக்கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து யோகலட்சுமி பார்த்ததில்லை.

சனிக்கிழமை சங்கரன்கோவிலுக்கு வந்த மகள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. விசாவுக்கு வேண்டிய தாள்கள். ஒவ்வொன்றாய் டிக் அடித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள். பெற்றோர் செய்யும் தொழில், அதற்கு வேலை கொடுப்பவர் தரும் கடிதம். அப்பா சுடலைமணி லாரியில் சுமை ஏற்றியவர். அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது.

"ஓங்க முதலாளிட்ட ஒரு லெட்டர் வாங்கணும்மா. இத்தன வருசமா இங்க வேல பாக்காங்கன்னு. அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, தருவாரு."

கணேசன் முதலாளி விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம கூடத்துப் பிள்ளையா? பெரிய சங்கதில்லா" என்றார். கடிதம் என்றதும் மறுபடி உட்கார்ந்தார்.

"இங்க பாரு யோகலட்சுமி. பத்தொம்பது வருசமா வேல பாக்கான்னு எழுதி சீல் வச்சேன்னு வையி, நாளைக்கு எவனாவது வந்து பி.எஃப். எங்க, இ.எஸ்.ஐ. எங்கன்னு கேப்பான். ஒனக்கு எழுதுனா மத்த பதிமூணு பேருக்கும் எழுதணும். நான் தறிய ஓட்டவா, ஆபீசு ஆபீசா அலையவா?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒண்ணு செய்யுதேன். எனக்குத் தெரிஞ்ச குடும்பம், நல்ல குணம், அம்மா குடும்பத் தலைவின்னு எழுதித் தாரேன். வெளிநாட்டுக்காரனுக்கு அது போதும்."

"குடும்பத் தலைவின்னா வீட்ல இருக்கவ. நான் இங்கனதான இருக்கேன் முதலாளி."

"எழுத்துல என்ன இருக்கு? பிள்ள போகணுமா வேண்டாமா?"

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தாள். வீட்டில் மகள் அதைக் கேட்டு, "வாங்கிட்டு வந்துரும்மா. விசாதான முக்கியம்" என்றாள். அவள் முகம் வாடிப்போயிருந்தது.

யோகலட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழனித் தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

"நீ அங்கன போயி எதப் பத்திப் பேசப்போற?"

"விசைத்தறி ஓட்டுத பொம்பளையளப் பத்தி."

"அப்போ ஒன் அம்மா வீட்ல சும்மா இருக்கான்னு எழுதுன தாள வச்சுகிட்டா போவ?"

மகள் பட்டியலை மறுபடி எடுத்து வாசித்தாள். "வேற ஒரு வழி இருக்கும்மா. நீயே எழுதிக் கையெழுத்துப் போடலாம். வக்கீல்ட்ட சீல் வாங்கணும்" என்றாள்.

கோர்ட்டுக்குப் பக்கத்து மாடியில் வக்கீல் நிர்மலாதேவி கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லத் தட்டினார். நான்கு தறிகள். வாரத்துக்கு ஆறு நாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். பத்தொன்பது வருடம். முதலாளி கடிதம் தர மறுத்துவிட்டார். அந்த இடத்தில் வக்கீலின் விரல் நின்றது.

"அவரு பேரு, போன் நம்பர் எல்லாம் போடணுமா? வெசா ஆபீசுல இருந்து கூப்புட்டுக் கேட்டாலும் கேப்பாங்க. ஒங்க வேலைக்குச் சங்கடம் வரும்."

யோகலட்சுமி மகளைப் பார்த்தாள். மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"போடுங்கம்மா. நான் ஒண்ணும் பொய் சொல்லலியே."

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பேரை முழுசாக, ஒரு புள்ளி விடாமல் எழுதினாள். சாட்சிக்கு மெஹர்பானு வந்திருந்தாள். "பக்கத்துத் தறி" என்று தன் முகவரிக்குக் கீழே போடச் சொன்னாள். அப்படியெல்லாம் போடுவதில்லை என்று வக்கீல் சொல்லியும் கேட்கவில்லை. போட்டார்.

சங்கரகோமதி சென்னைக்குப் போய்த் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்த நான்காம் நாள், விசா ஆபீசிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லைனைத் துண்டித்துவிட்டார். மறுநாள் காலையில் யோகலட்சுமியை வாசலிலேயே நிறுத்தினார்.

"பாவு இல்ல. வந்ததும் சொல்லி அனுப்புதேன்."

அவருடைய தோளுக்கு மேலாக அவள் உள்ளே பார்த்தாள். அவளுடைய நான்கு தறிகளிலும் பாவு நிறைந்திருந்தது. வேறொருத்தி நின்று ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். யோகலட்சுமி சோற்றுத் தூக்கோடு வீட்டுக்குத் திரும்பினாள். கல்லூரிக்குத் திரும்பியிருந்த மகளிடம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டு வாசலில் பீடி சுற்ற உட்கார்ந்தாள். தார்க்குச்சிக்குப் பழகிய விரலுக்கு இலை பிடிபடவில்லை.

இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. ஊருக்கு வந்திருந்த மகள் பக்கங்களைப் புரட்டி விசா ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினாள். யோகலட்சுமி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டாள்.

"நம்ம எழுதிக் குடுத்தத நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்கம்மா."

சென்னை ரயிலுக்கு வழியனுப்ப மெஹர்பானுவும் ஐந்து பெண்களும் கூடத்திலிருந்து நேரே ஸ்டேஷனுக்கு வந்தார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால் ரயிலைப் பிடிக்க முடியாது. சங்கரகோமதியின் கல்லூரித் தோழிகள் செல்பி எடுத்தபோது அவர்கள் ஒதுங்கினார்கள். அவள் ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் நிறுத்தினாள். வண்டி நகர்ந்த பிறகு மெஹர்பானு சொன்னாள்: "எம் பேரும் அங்கன போயிருக்குட்டி. தாள்ல."

ஒன்பதாம் நாள் மத்தியானம் வீடியோ வந்தது. பெரிய மண்டபம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். வாடாமல்லிக் கலர் சேலையில் சங்கரகோமதி எழுந்து நின்று பேசினாள். நிமிர்ந்து, தாளைப் பார்க்காமல் பேசினாள். அந்த இங்கிலீஷில் யோகலட்சுமிக்குப் பிடிபட்டது இரண்டே இரண்டு சொற்கள். சங்கரன்கோவில். யோகலட்சுமி. தன் பேர் வரும் இடத்தில் காதில் இயந்திரம் மாட்டியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டாள். மடியில் பீடி முறத்தை வைத்துக்கொண்டே அந்த இடத்தை யோகலட்சுமி ஏழெட்டுத் தரம் போட்டுப் பார்த்தாள். மறுநாள் பேப்பரில் மகள் படம் வந்தது. தெருவில் முன்பு பேசாதவர்கள்கூட நின்று பேசினார்கள்.

முதலாளியிடமிருந்து ஆள் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் யோகலட்சுமி தூக்கில் சோறு போட்டுக்கொண்டு வேறு கூடங்களில் கேட்டுப் பார்க்கலாமென்று கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையில் கணேசன் முதலாளி ஆளுயரத்துக்குக் கும்பிட்டு நின்றார். மூலையில் பேப்பரிலிருந்து வெட்டி எடுத்த சங்கரகோமதி. கீழே சிவப்பு எழுத்து. அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'எங்கள் நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் யோகலட்சுமி அவர்களின் அருமைப் புதல்வி, ஜெனீவா சென்ற மண்ணின் மகளை வாழ்த்துகிறோம்.'

இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்கார அண்ணாச்சியிடம் போனைக் கொடுத்து, ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். பிளக்ஸுக்குப் பக்கத்தில் போய்ச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றாள்.

"அங்கன நின்னா முதலாளி மொகம் மறையுதும்மா" என்றார் அவர்.

"அது மறையட்டும் அண்ணாச்சி. எழுத்து முழுசாத் தெரியுதா?"

"தெரியுது."

போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் விடுபடவில்லை. அதை மடியில் செருகிக்கொண்டு, தூக்கை எடுத்து, தறிச் சத்தம் கேட்ட அடுத்த தெருவுக்குள் வேலை கேட்கப் போனாள்.