இடது கன்னத்து மச்சம்

வாயில் பாதி பிஸ்கட் இருக்கும்போதுதான் அந்த ஃபோன் வந்தது. ராணுவத்தின் மக்கள் தொடர்பு அலுவலகத்துக்குக் காலையில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நிருபர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமலே பதில் சொல்வது கேப்டனுக்கு அத்துப்படி. "விசாரணை நடந்துகொண்டிருக்கிறது" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் இது வயதான ஒரு பெண்ணின் குரல். அதில் அவசரமே இல்லை.

"பேப்பர்ல வந்தது என் பையன் இல்லம்மா. என் பையனுக்கு மச்சம் இடது கன்னத்துல. நீங்க போட்டிருக்கிற ஆளுக்கு வலது கன்னத்துல இருக்கு."

விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி கேப்டன் ஃபோனை வைத்தாள். விசாரிக்க ஒன்றுமில்லை. என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியும்.

மலைப்பாதையில் ராணுவ லாரி ஒன்று உருண்டு இரண்டு பையன்கள் செத்துப்போயிருந்தார்கள். இந்த அலுவலகத்தில் யாரும் சாவதில்லை, உயிர்நீப்பார்கள். லாரியும் உருளாது, விபத்துக்குள்ளாகும். எழுதியதெல்லாம் கர்னல் மேஜைக்குப் போய்த்தான் வெளியே போகும். எதை நீட்டினாலும் ஒரு கமாவாவது போடாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் 'கமா' என்றே பெயர். படங்கள் விஷயத்திலும் அவர் கறார். முகம் பக்கத்தின் உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்த்தால் ஆள் பேப்பரைவிட்டு எழுந்து போகிற மாதிரி இருக்கும் என்பார். அன்றைக்குக் கிடைத்த படங்களில் பையன்கள் இரண்டு பேருமே ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் கணினியில் ஒரே தட்டில் ஒருவனை இடம் வலமாகத் திருப்பினாள். சட்டையில் பெயர் எழுத்துகள் மாறித் தெரியும் என்பதால் கழுத்தோடு வெட்டினாள். இப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லா இருக்கு" என்றார் கமா. இங்கே வந்ததிலிருந்து அவள் அதைக் கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போய்க் கணவனிடம்கூடச் சொன்னாள்.

அதே கமா இப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பத்திரிகைகளுக்குத் திருத்தம் அனுப்பும் பேச்சே வேண்டாம் என்றார். முகத்தையே மாற்றியவர்கள் வேறு எதையெல்லாம் மாற்றினார்கள் என்று கேட்பார்களாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபோனில் பக்குவமாகச் சொல்லிவிடச் சொன்னார்.

படம் இடம் வலமாக மாறி வந்துவிட்டது என்று பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்தால் மாறும், பேப்பரில் எப்படி மாறும் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். சவப்பெட்டியைத் திறந்து காட்டவில்லையே என்றும் கேட்டார். ஏன் திறக்கவில்லை என்பதை ஃபோனில் சொல்ல முடியாது. மறுநாள் அந்த அம்மாவின் தம்பி கூப்பிட்டார். அக்கா, பையனுடைய மெத்தை உறையை மாற்றிவிட்டார், அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறார் என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாமாம். "நாம அடக்கம் பண்ணது வேற யாரோ பெத்த பிள்ளை, அந்த வீட்டைத் தேடிப்போய்ச் சொல்லணும்னு கிளம்பறாங்க மேடம். நான் சொன்னா எடுபடல. நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போயிடுங்க."

சீருடை ஏற்கெனவே ஒருமுறை அந்த வாசலில் போய் நின்றிருக்கிறது. அதனால் கேப்டன் சாதாரண உடையில் போனாள். மாடியில் சின்ன வீடு, தெருவைப் பார்த்த ஜன்னல், மடித்த துணி குவிந்திருந்த நாற்காலி. அந்த அம்மா துணியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னார். கேப்டன் உறையிலிருந்து திருப்பாத படத்தை எடுத்துக் கொடுத்தாள். அதைக் காட்டினால் போதும், புரிந்துவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா, இவன்தான் என் பையன். இதைத்தானே நான் சொல்லிக்கிட்டிருக்கேன்." பேப்பரை எடுத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் விரித்தார். "இது யாரோ பாவம். வகிடுகூட அந்தப் பக்கம் எடுத்திருக்கான்."

தம்பி கேப்டனைப் பார்த்தார். அவளிடம் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அதை வைத்துக்கொண்டு இந்த அம்மா எத்தனை வருடம் வேண்டுமானாலும் உலை வைத்துக்கொண்டிருப்பார். கூடவே இன்னொரு வீட்டைத் தேடித் தெருத்தெருவாக அலைவார். கேப்டனுக்கு ஓடிவிட வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் கை பேப்பரை எடுத்துவிட்டது.

"அம்மா, கொஞ்சம் இங்க வாங்க."

முகம் இருந்த பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெளியே நல்ல வெயில். தாளின் பின்பக்கம் மெத்தைக் கடை விளம்பரம், பாதி விலை என்று கொட்டை எழுத்தில். அந்த எழுத்துகளுக்கு நடுவே பையனின் முகம் மங்கலாகத் தெரிந்தது. மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. வகிடும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அந்த அம்மா கையிலிருந்த படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அழவில்லை. தம்பிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார்.

"யாரு திருப்பினது?"

"நான்தாம்மா."

"எதுக்கு?"

"பக்கத்துல இருக்கிற பையனைப் பாக்கிற மாதிரி இருக்கட்டும்னு."

அந்த அம்மா தாளில் மங்கலாகத் தெரிந்த இன்னொரு பையனைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பையனோட அம்மா உங்களுக்கு ஃபோன் பண்ணலையா?" என்று கேட்டார்.

இல்லை என்று கேப்டன் தலையசைத்தாள். அவனைத் திருப்பவில்லை.

"பாவம்," என்றார் அந்த அம்மா. "அவங்களுக்கு இந்த நம்பிக்கைகூடக் கிடைக்கல."

கேப்டனின் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார். முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மச்சம் வலது கன்னத்துக்குப் போனது. மறுபடி திருப்பிக் கண்ணாடியில் வைத்தார். மெத்தை விளம்பரத்துக்குள்ளிருந்து மகன் வந்தான். கீழே வண்டியில் காத்திருந்த டிரைவர் ஹாரன் அடித்தான். கேப்டன் நகரவில்லை. அந்த அம்மா தாளை இன்னொரு முறை திருப்பினார். மச்சம் வலது கன்னத்தில் இருக்க, அந்த யாரோ ஒருவனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.