ஃபெர்ஜானியின் கடலுக்கு வந்த தீவு

எங்கள் கெர்கென்னாத் தீவுக்கு வடக்கே, பறவைகளுக்காக அரசுப் பாதுகாப்பில் இருக்கும் குட்டித் தீவுகளில் ஒன்று, மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்று மைல் நகர்ந்து வந்து மீனவர் ஃபெர்ஜானியின் கடலில் நின்றது. எங்களூரில் வயலுக்குப் பத்திரம் இருக்கிறதோ இல்லையோ, கடலுக்கு உண்டு. அப்பன் செத்தால் பிள்ளைகள் கடலைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இலையுதிர்காலத்தில் பேரீச்ச மட்டைகளை நட்டு வேலி கட்டுவோம். வேலியோரமாகவே போகும் மீன் கடைசியில் கூண்டில் விழும். ஜூன் கடைசியில் மட்டைகளைப் பிடுங்கிக் கடலுக்கு ஓய்வு கொடுப்போம். தீவு நின்றது சரியாகக் கூண்டின் வாயில்.

அதன் ஒரு பக்கத்தில் கடற்புல் வழித்தெடுத்தாற்போல் மொட்டையாக இருந்தது. கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவைமடிப் படகுகளின் வேலை. வேலி கட்டும் ஆழமில்லாத கடலுக்குள் அந்தப் படகுகள் வருவதில்லை என்பது தீவுக்கும் தெரிந்திருக்கிறது. ரோமானியர் விட்டுப்போன கல்தொட்டி, உப்புச்செடிகள், நூற்றுச் சொச்சம் ஆலாப் பறவைகள் எல்லாம் சேதமில்லாமல் கூடவே வந்திருந்தன.

வந்தவரிடம் மூன்று நாள் வந்த காரியம் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஃபெர்ஜானி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நான்காம் நாள் போய்ப் பார்த்தால் மணலெல்லாம் முட்டை. எங்கள் மரியாதையே எங்களுக்கு வினையாயிற்று. எதிர்க்கரை நகரமான ஸ்ஃபாக்ஸிலிருந்து பறவைப் பாதுகாப்பு அதிகாரி தவுஃபீக் வந்தார்.

“முட்டை இருக்கிற தீவைச் சுத்தி வேலி கூடாதுண்ணே. சட்டம்.”

“தீவு என் கடலுக்கு வந்துச்சா, என் கடல் தீவுகிட்ட போச்சா? அதச் சொல்லுங்க சார் மொதல்ல.”

“அதை எழுத எங்க படிவத்துல எடமே இல்லண்ணே.”

வேலியைப் பிடுங்கினார்கள். தீவு அங்கேயே தங்கிவிட்டால் ஏழு தலைமுறைக் கடல் கையைவிட்டுப் போகும். பிறகு ஸ்ஃபாக்ஸில் கூலிவேலைதான். ஃபெர்ஜானிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி சலூஹா முழங்கால் தண்ணீரில் நடந்து தீவிடமே போனாள்.

“இருந்துட்டுப் போ, வேணாங்கல. ஆனா இதான் எங்க அடுப்பெரியற எடம். குஞ்சு பறந்ததும் கெளம்பு. அடுத்த வருஷம் நாங்க வேலி புடுங்கினப்புறம் வா.”

“கல்லுகிட்ட பேசறா பாரு,” என்றார் ஃபெர்ஜானி.

“உங்ககிட்ட இருபது வருஷமா பேசலையா?”

ஆகஸ்டில் தீவு போய்விட்டது. அது நின்ற இடத்தில் கடற்புல் அடர்ந்து, அந்தக் குளிர்காலம் கணவாய் அள்ள அள்ள வந்தது. மறு ஜூனில் தீவு திரும்பி வந்து வேலிக்கு வெளியே நின்றது. கடைசி மட்டை பிடுங்கிய அன்று உள்ளே வந்தது. ஆலாக்களும் முட்டையைத் தள்ளிப்போடப் பழகிக்கொண்டன. ஐந்து வருடம் இப்படியே நடந்தது.

ஆறாம் வருடம் ஃபெர்ஜானி படகிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வேலி ஜூலை வரை அப்படியே நின்றது. தீவும் வெளியே பதினோரு நாள் நின்றது. அதற்குப் பின்னால் இழுவைமடிப் படகுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. ஆலாக்கள் வயிற்று முட்டையின் கனத்தில் பறக்க மாட்டாமல் மணலில் உட்கார்ந்திருந்தன. சலூஹா மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் நின்றாள்.

“புள்ளத்தாச்சிங்கள வெச்சுக்கிட்டு வெளியே நிக்குது. நீங்க மீனுக்கு வெல பேசிக்கிட்டு இருக்கீங்க.”

எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. ஊரே தண்ணீரில் இறங்கியது. தவுஃபீக்கும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மதியத்துக்குள் வேலி முழுவதையும் பிடுங்கிவிட்டோம். கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஃபெர்ஜானி எல்லோர் முன்னாலும் அழுதார். தீவு உள்ளே வந்தது. சாயங்காலம் முதல் முட்டையைப் பார்த்துவிட்டு, சலூஹா வைத்த கணவாய்க் குழம்பைச் சாப்பிடப் போனோம்.