முள்ளை நம்பாதவர்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை, மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தே தலையாட்டிவிடுகிறார்கள் என்பது செல்லமுத்துவின் நெடுநாள் புகார். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். டீசல் முள் என்ன காட்டினாலும் சரி, டேங்குக்குள் குச்சியை விட்டு நனைந்த அளவைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். டயரை இரும்புக் கம்பியால் தட்டிக் காது கொடுப்பார். இப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பகல் காவல்.

அந்த வேலைக்குத்தான் வந்தது வில்லங்கம். தீயணைப்புப் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்காதவருக்கு அடுத்த மாதம் முதல் கேட்டில் நாற்காலி கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வாய்க்கேள்வி பத்து, பிறகு நிஜத் தீயை அணைத்துக் காட்ட வேண்டும்.

ஆபீஸில் வேலை பார்க்கும் தேவிப்ரியா சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்டுப் பழக்கினாள்.

“அய்யா, எண்ணெய் பத்துனா தண்ணி ஊத்தலாமுங்களா?”

“ஊத்துனா மெதந்துட்டே எரியும். இதுக்கொரு பரிட்சையா கண்ணு?”

“தீயணைக்கிற சிலிண்டரை எப்படி அடிப்பீங்க?”

“பின்னைப் புடுங்கி, தீயோட அடியில அடிக்கோணும். அதிருக்கட்டும், உள்ளார மருந்து இருக்குதுன்னு யாரு பாத்தா?”

“முள்ளு பச்சையில நிக்குதுல்லங்க!”

“முள்ளா? பாதி டேங்கு காட்டுன முள்ளை நம்பி சங்ககிரி ரோட்டுல வண்டியோட நின்னவன் நான்.”

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம், எல்லோரும் கைகழுவப் போன நேரம் பார்த்து, கேட்டோரம் தொங்கிய சிவப்பு சிலிண்டரின் பின்னைப் பிடுங்கி ஓர் அமுக்கு அமுக்கினார். ‘புஸ்’ என்று வெள்ளைத் தூள் கிளம்பி மீசையில் படிந்தது. மருந்து இருக்கிறது! பின்னைத் திரும்பச் செருகிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பரீட்சை நடத்தத் தீயணைப்பு நிலையத்திலிருந்து மதியழகன் வந்தார். வாய்க்கேள்வியில் பத்துக்கு ஒன்பது. பாதியாக வெட்டிய பேரலில் டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். சுவரில் மூன்று சிலிண்டர்கள் இருந்தும் செல்லமுத்து கேட்டோரம் போய், தான் சோதித்ததையே தூக்கி வந்தார். அமுக்கினார். பஞ்சரான டயர் மாதிரி ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

“வாயில ஊதிப் பாருங்கண்ணா!” என்றார் வெல்டர் வேலுமணி.

செல்லமுத்து சிலிண்டரை வீசிவிட்டு, தொட்டியோரம் கிடந்த சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பேரல் மேல் போர்த்தினார். தீ அடங்கியது.

மதியழகன் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார். “இதை யாருங்க தொறந்தது?”

வேலை போனாலும் போகட்டும் என்று முன்னால் வந்தார் செல்லமுத்து. “நாந்தானுங்க. மருந்து இருக்குதான்னு பாத்தேன்.”

“ஒருக்கா அமுக்குனா வால்வு வாயில தூள் மாட்டிக்குமுங்க. காத்து கசிஞ்சு எறங்கிரும். இப்பப் பாருங்க, முள்ளு செவப்புல நிக்குது. தூக்கறப்பவாச்சும் பாத்தீங்களா?”

“அதையெல்லாம் பாக்கறதில்லீங்க.”

பட்டறையே சிரித்தது. மதியழகனாலும் அடக்க முடியவில்லை. “முள்ளைப் பாக்காததுக்கு மார்க்கு கொறைக்கறேன். தீயை அணைச்சிட்டீங்க, மறைக்காமலும் சொல்லிட்டீங்க. பாஸுங்க.”

“இனியாச்சும் முள்ளை நம்புவீங்களா?” என்றாள் தேவிப்ரியா.

“இன்னைக்கு நெசத்தைக் காட்டிருச்சு. நாளைக்கும் காட்டோணுமே சாமி.”

சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தன் கம்பியை எடுத்து, சுவரில் இருந்த மூன்று சிலிண்டர்களையும் டயரைப் போலத் தட்டிக் காது கொடுத்தார். மூன்றாவதன் சத்தம் பிடிக்கவில்லை. தலையை ஆட்டியபடி கேட்டுப் பக்கம் நடந்தார்.