பொலிமேல் பதிந்த கை

விடிவெள்ளி மங்குவதற்கு முன்பே பெஹியா சூடடிக்கும் பலகைமேல் ஏறி நின்றுவிட்டாள். பலகையின் அடியில் வரிசையாகப் பதித்த சிக்கிமுக்கிக் கற்கள் கோதுமைத் தாளை நறநறவென்று அறுத்தன. நுகத்தில் ஒரு பக்கம் காளை. ஜோடிக் காளை போன குளிர்காலத்தில் செத்துப்போனதால் மறுபக்கம் அவள் புருஷன் ரமீஸ் தோள் கொடுத்து இழுத்தான். கண்ணில், மூக்கில், சட்டைக்குள்ளே எங்கும் உமித்தூசி. துப்பினால் எச்சிலும் மஞ்சளாக வந்தது.

"இன்னும் ரெண்டு சுத்து. அப்புறம் காத்து எழும்பிரும், தூத்திரலாம்."

"மாட்டுக்கிட்ட சொல்றியா, எங்கிட்ட சொல்றியா?"

"ரெண்டுல எது நல்லா இழுக்குதோ அதுகிட்ட."

ரமீஸ் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஏரிக்கரையில் பதினான்கு குடும்பங்கள். எல்லோருடைய அப்பன்மாரும் பொஸ்னியாவை விட்டு மாட்டுவண்டியில் துருக்கிக்கு வந்து, சதுப்பை வெட்டி, காய்ச்சலில் பாதிப்பேரைப் புதைத்து, இந்த மண்ணைக் கழனியாக்கினவர்கள். நிலத்தைப் பதிய அதிகாரி வந்தபோது அவர்களுக்கு ஒரே பயம்: ஏட்டில் பேர் ஏறினால் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்களே! "உங்க பேர்லயே எழுதிக்கோங்க" என்று தங்களைக் கூட்டிவந்த பிரபு பெரிய பெக்கிடம் தாங்களே போய்க் கெஞ்சினார்கள். வலிய வந்ததை அவர் ஏன் வேண்டாம் என்கிறார்? எழுதிக்கொண்டார். பிள்ளைகளைப் பட்டாளம் எப்படியும் கொண்டுபோயிற்று. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா!

இப்போது அவர் மகன் நசீஃப் பெக் அங்காராவில் மக்கள் மன்ற உறுப்பினர். விளைச்சலில் பத்தில் ஒன்றைப் பிடுங்கும் பழைய வரியை மன்றம் இந்த வருஷம் ஒழித்தது. கையைத் தூக்கினவர்களில் நம்ம பெக்கும் ஒருவர். "உழவனின் பொலி இனி உழவனுக்கே" என்று முழங்கினாராம். பத்திரிகையில் படத்தோடு வந்தது. காரியஸ்தன் துர்சுன் அதைப் பள்ளிவாசல் முற்றத்தில் உரக்க வாசித்து, உள்சுவரில் ஒட்டி, ஆளுக்கு விரல்நுனியளவு அல்வாவும் கொடுத்தான். பெஹியா அன்று அழுதாள். காரணம் இருந்தது. போன வருஷம் வரிக்காரன் பலகையால் அழுத்தி முத்திரை வைத்த பொலி, களத்துத் தானியக் குவியல், பதினோரு நாள் வெட்டவெளியில் கிடந்து, மழையில் ஊறி முளைவிட்டது. அந்த மாவில் சுட்ட ரொட்டி பசையாக ஒட்டியது. அதையும் தின்று, அதுவும் தீர்ந்து, அவள் சின்ன மகள் மெரீமா நான்கு வயதில் வயிறு ஊதிச் செத்தாள்.

அன்று காலை தூற்றி முடித்த பொலியைக் குவித்ததும், துர்சுன் வரிக்காரனுடைய அதே முத்திரைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வரி ஒழிஞ்சுதுன்னு நீதானே வாசிச்சே?" என்றாள் பெஹியா.

"வரிதான் போச்சு, பண்ணைப் பங்கு போகலியே! பெக் வந்து பாக்குறவரைக்கும் ஒரு பய தொடக்கூடாது."

எழுத்துச் செதுக்கிய கனத்த ஓக் பலகை. பொலியின் நாலு புறமும் அழுத்தினான். தானியத்தின்மேல் பள்ளமாக அச்சு விழுந்தது. யார் கைவைத்தாலும் அது கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆறாம் நாள் மத்தியானம் ஏரிக்கு மேலே வானம் கறுத்தது. ரமீஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் ஆட்டுமயிர்க் கம்பளத்தை இழுத்துப் பொலிமேல் போர்த்தினான். ஒரு மூலையில் முத்திரை சரிந்தது. கெட்ட நேரம், அப்போதுதான் பெக்கின் மோட்டார் களத்துக்குள் நுழைந்தது.

வெள்ளைத் தொப்பி, வெள்ளை உடுப்பு. பேச்சு மட்டும் அவர்களுடைய தாய்மொழியில், வெண்ணெயாக.

"ரமீஸ், உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒண்ணா வண்டி கட்டி வந்தவங்க. நீயே இப்படிப் பண்ணலாமா?"

"மழை வருது பெக். மூடினேன், எடுக்கல."

"எடுக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே முத்திரை."

"போன வருஷம் என் மக..." என்று பெஹியா தொடங்கினாள்.

"கேள்விப்பட்டேன் தங்கச்சி. வருத்தம்தான். ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"உழவன் பொலி உழவனுக்கேன்னு நீங்கதானே பேசினீங்க!"

பெக் சிரித்தார். "அது அங்காரா. இது என் வீடு." பிறகு ரமீஸிடம் மெதுவாகக் கேட்டார்: "எந்தக் கை?"

ரமீஸ், வெள்ளந்தி மனுஷன், வலது கையை நீட்டினான். மோட்டார்க்காரன் அதைக் களத்து உருளைக்கல்மேல் வைத்து அமுக்கிப் பிடித்தான். துர்சுன் பலகையின் விளிம்பால் இரண்டு முறை ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் களம் முழுக்கக் கேட்டது. பெக் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். காற்றில் குச்சி அணைந்தது. இன்னொன்றை உரசினார்.

"பொழுது சாயறதுக்குள்ள இவங்க வீட்டைக் காலி பண்ணட்டும். கம்பளத்தை எடு துர்சுன். பொலி நனையட்டும். மத்தவங்களுக்குப் புத்தி வரும்."

முதல் துளிகள் விழுந்தன. பதின்மூன்று குடும்பங்களும் அவரவர் பொலியருகே கல்லாய் நின்றன. பெஹியா தலைத்துணியை அவிழ்த்துப் புருஷன் கையைக் கட்டினாள். எழுந்தாள். நேரே போய், மிச்சமிருந்த முத்திரைக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை சொருகினாள்.

"இதையும் உடைங்க."

"பொம்பளைன்னு பாக்குறேன்."

"பாக்காதீங்க. செத்தாளே என் மக, அவளும் பொம்பளைதான்."

அடுத்த களத்து சும்ராவுக்கும் பெஹியாவுக்கும் ஒரு கோழி விஷயத்தில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த சும்ராதான் தன் பொலிமேல் விழுந்து முத்திரையை இரண்டு கையாலும் வழித்துத் தள்ளினாள்.

"ஏ சும்ரா, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தின அவள் புருஷனும், மனைவியைப் பார்த்தான், ரமீஸைப் பார்த்தான், தானும் குனிந்து மறுபுறத்தை வழித்தான். அதற்கப்புறம் யார் முந்தி, யார் பிந்தி என்று சொல்ல முடியாது. பதினான்கு பொலியிலும் ஒரு முத்திரை மிஞ்சவில்லை.

சண்டையில் ஒரு காதை இழந்துவிட்டு வந்த ஹில்மோ முன்னால் வந்தான். "பெக், எந்தக் கைன்னு கேட்டீங்களே. இப்பக் கேளுங்க. ஐம்பத்தெட்டுக் கை இருக்கு. உங்க பலகை தாங்குமா?"

துர்சுன் பலகையைக் கீழே வைத்துவிட்டான். பெக்கின் முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்தது. வெண்ணெயெல்லாம் போயிற்று.

"நாளைக்குக் காலையில சிப்பாய்ங்களோட வர்றேன். ஒரு நாய்கூட இந்த மண்ணுல மிஞ்சாது!"

"வாங்க, வாங்க! சிப்பாய்ங்களுக்கும் அந்தப் பத்திரிகையை வாசிச்சுக் காட்டுறோம்" என்றான் ஹில்மோ.

மோட்டார் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு போனது. மழை வலுத்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் முதலில் ரமீஸின் பொலிக்குத்தான் ஓடினார்கள். முந்தானையில், தொப்பியில், தொட்டிலில் அள்ளிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் கொட்டினார்கள். தங்கள் பொலியில் பாதி நனைந்துபோனதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டேதான் சுமந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. ரமீஸ் கோதுமைக் குவியலில் சாய்ந்து பல்லைக் கடித்தபடி கிடந்தான். அந்தக் கை இனி ஏர் பிடிக்காது. ஹில்மோ சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகையை ஓரம் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருவரும் கிளம்பவில்லை.

சும்ரா பெஹியா பக்கத்தில் வந்து நின்றாள். "இப்பவும் சொல்றேன், என் கோழியை அடிச்சுத் தின்னது நீதான்."

"சொல்லு, நல்லா சொல்லு. முதல்ல அந்தக் கதவைப் பிடி."

இருவரும் கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள்.