நாளுக்குப் பத்தடி

ஏற்றுமதி வளாகத்தின் ஏழாம் எண் தொழிற்சாலை, திறந்த மூன்றாம் ஆண்டில் துறைமுகத்தை நோக்கி நகரத் தொடங்கியது. நாளுக்குப் பத்தடி, வார விடுமுறையில் நகராது. காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. திட்ட அறிக்கையைத் தட்டச்சு செய்தவர், துறைமுகம் ஒரு கிலோமீட்டரில் இருப்பதாக அடித்துவிட்டார். உண்மையில் ஒன்பது. அதை நம்பித்தான் வங்கி கடன் கொடுத்திருந்தது, வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டர் கொடுத்திருந்தன. எட்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட தாளைத் திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆகவே கட்டடமே கிளம்பிப் போய்த் திருத்திக்கொண்டது.

அந்தத் தொழிற்சாலையில் மழைக்கோட்டு தைத்தார்கள். இரண்டாம் லைனில் கோட்டுக்குக் கை மூட்டுகிற பெண்ணும் வாசல் கேட்டில் நின்ற காவலாளியும் கணவன் மனைவி. ஒரே வாரத்தில் இருவருக்கும் வேலை கிடைத்ததால், கேட்டுக்கு நேர் எதிரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தால் அவள் ஓடிவந்து, பத்து மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, மறுமணிக்குள் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

கட்டடம் நகர்ந்தபோது கழிவறை நகரவில்லை. அது தனியாகக் கட்டப்பட்டிருந்தது. கேட்டும் நகரவில்லை. மூன்றாம் மாதம் கழிவறைக்குப் போய்வர ஆறு நிமிடமாயிற்று. நாளுக்கு ஒரு முறைதான் போகலாம் என்று சூப்பர்வைசர் சொன்னதும், பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த மாதம் உற்பத்தி கூடியது. ஐந்தாம் மாதம் மணிக்குள் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியவில்லை. காவலாளி புட்டிப்பால் கலக்கக் கற்றுக்கொண்டான். அவள் மார்பில் பால் கட்டி, மூன்று நாள் காய்ச்சலோடு கை மூட்டினாள். நாலாம் நாள் பால் வற்றிவிட்டது.

மின்வாரியத்து ஆட்கள் மாதத்துக்கு ஒரு முறை வந்து ஒயரை நீட்டிக் கொடுத்தார்கள். வழியில் இருந்த வீடுகளுக்கு இரண்டு மாதம் முன்னதாக நோட்டீஸ் போனது. கட்டடம் கடந்துபோன நிலம் இஸ்திரி போட்டதுபோல் வழவழவென்று கிடந்தது. அதில் புல்கூட முளைக்கவில்லை. அவள் வேலைக்கு முதலில் நடந்து போனாள், பிறகு சைக்கிளில், பிறகு கம்பெனி வேனில். ஐந்தாம் வருஷம் கட்டடத்தின் பின்பக்கத்தில் ஒரு விடுதியை ஒட்டவைத்தார்கள். அதன்பின் வீட்டுக்கு வாரம் ஒருநாள் வந்தாள். ஏழாம் வருஷத்தில் மாதம் ஒருநாள். வந்தாலும் பாதி நாள் தூங்கிப் போவாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் விரல்களில் ஊசி ஏறிய தழும்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காவலாளியை மட்டும் யாரும் இடம் மாற்றவில்லை. கம்பெனியின் பதிவு முகவரி அந்தக் கேட்டுதான். கேட்டுக்குப் பின்னால் நீள்சதுரமாக ஒரு பள்ளமும் ஒரு கழிவறையும் இருந்தன. அவற்றுக்குக் காவலாக எட்டு வருஷம் சீருடை போட்டுக்கொண்டு நின்றான்.

நகரத் தொடங்கி எட்டு வருஷம் கடந்ததும் அறிக்கை உண்மையாயிற்று. துறைமுகம் சரியாக ஒரு கிலோமீட்டர். அந்த ஆண்டு வளாகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்தது ஏழாம் எண்தான். மற்ற தொழிற்சாலைகள் பாதி மூடிக்கிடக்க இது மட்டும் எப்படி ஜெயித்தது என்று ஆராய ஓர் ஆய்வாளர் வந்தார். சாலை, மின்சாரம், துறைமுகம், அனுமதிச் சிக்கலின்மை, நிர்வாகத் திறமை என்று தன் படிவத்தில் காரணங்களைக் குறித்துக்கொண்டு, கடைசியில் மிகப் பழைய ஊழியர் என்பதால் காவலாளியிடம் வந்தார்.

“இந்தத் திட்டம் ஜெயிச்சதுக்கு முக்கியமான காரணம் என்னன்னு நினைக்கிறீங்க?”

“உள்ள போனவங்க வீட்டுக்கு வரல சார்.”

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை. ‘இதர’ என்பதில் ஒரு டிக் அடித்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம் கூலி குறைவு என்று புதிதாக ஓர் அறிக்கை தயாரானது. அதில் தொழிற்சாலை அந்தக் கரையில் இருப்பதாகவே எழுதப்பட்டிருந்தது. விருப்பமுள்ளவர்கள் உள்ளே இருக்கலாம், மற்றவர்கள் சனிக்கிழமைக்குள் இறங்கிவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். ஒன்பது பேர் தவிர எல்லோரும் இறங்கினார்கள். கட்டடம் நிதானமாகக் கடலுக்குள் போனது. கூரை முங்கும்வரை மெஷின் சத்தம் கேட்டதாகத் துறைமுகச் சுமைக்காரர்கள் சொல்கிறார்கள்.

அவள் தகரப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு அப்போது ஒன்பது முடிந்திருந்தது. வந்தவளுக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல், சிறுமி விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா செம்பைக் கீழே வைக்காமல் முழுக்கக் குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள்.

மறுநாள் காலையில் அவள் பாய் வாசலுக்கு வெளியே கிடந்தது. அவள் அதில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாள் தெருவின் நடுவில். கணவன் டேப் வைத்து அளந்து பார்த்தான்: பத்தடி, கடல் இருக்கும் திசையில். கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். டாக்டர் நாடியைப் பார்த்து, ரத்தம் குறைவாக இருக்கிறது, கீரை சாப்பிடுங்கள் என்றார். இறங்கின பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது.

“என்னை விட்டுடுங்க. புள்ளைய இங்கயே படிக்க வைங்க,” என்றாள்.

“ஏம்மா, எட்டு வருஷம் விட்டுட்டு நின்னது போதாதா?” என்றான் காவலாளி. அன்றைக்கே சீருடையைக் கழற்றி கேட்டில் மாட்டிவிட்டு வந்து, அடுப்பையும் குடத்தையும் தூக்கிக்கொண்டுபோய் அவள் பாயின் பக்கத்தில் வைத்தான்.

அதிலிருந்து தினமும் காலையில் குடும்பம் பத்தடி இடம் மாறுகிறது. நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் போதுமானதாக இருக்கிறது. கூட நகர்கிற குடும்பங்கள் நாற்பதுக்கு மேல். மகள் கணக்கில் கெட்டிக்காரி.

“அம்மா, இப்படியே போனா கடல் வர்றதுக்கு எட்டு வருஷம் ஆகும்.”

“ஆமா.”

“அப்புறம்?”

“அப்ப உனக்குப் பதினேழு வயசு,” என்றாள் அம்மா, மகளின் தலையைத் தன் பக்கம் திருப்பிச் சிக்கெடுத்தபடி. “அதுவரைக்கும் தினமும் உனக்கு நான்தான் தலை சீவிவிடுவேன்.”

பள்ளிக்கூடத்தில் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பதிவேட்டில் அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் முகவரியைப் பென்சிலால் எழுதுகிறார்கள்.